வீடியோவில் பார்த்ததை மலையில் வாங்குவது எப்படி

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டச் சந்தியில் எனக்குக் கடை. ரீலோட், போட்டோ பிரதி, கொப்பி, பேனை, வெற்றிலை என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. கூரியர்காரத் தம்பிமார் சந்திக்கு மேலே வண்டியை ஏற்றமாட்டார்கள். அதனால் மேலே உள்ள டிவிஷன்களுக்கு, அதாவது தோட்டப் பிரிவுகளுக்கு, வருகிற பார்சல்கள் எல்லாம் என் மேசையில்தான் இறங்கும். வாங்க வருகிறவர்களுக்கு லயத்து வரிசை வீட்டுக்குப் போகிற வரைக்கும் பொறுமை இருக்காது. அங்கேயே கத்தரிக்கோல் கேட்பார்கள். எந்தச் சாமான் வீடியோவில் இருந்தபடியே வந்தது, எது வேறு முகத்தோடு வந்தது என்று எனக்குத் தெரிந்தது இப்படித்தான்.

“அக்கா, இதை வாங்கலாமா?” என்று போனை நீட்டுகிற பிள்ளைகளுக்கு நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீடியோ பார்ப்பது ஒரு வேலை, சாமான் வாங்குவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே இருப்பில் செய்யாதீர்கள். ராத்திரி படுத்துக்கொண்டு பார்த்த பேக்கை அந்த நிமிடமே ஓடர் போட்டால், அதை எடுத்தவன் போட்ட விளக்கு வெளிச்சத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம். நம் ஊரில் மழை, மூட்டம், ஏற்றம், பழைய வயரிங் எல்லாம் இருக்கின்றன. எந்தச் சாமானும் இவற்றோடுதான் காலம் தள்ள வேண்டும்.

முதலில் டேட்டா

யூடியூப்பில் 480 தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறக்குறைய அரை ஜிபி போகும். 1080இல் வைத்தால் அதைப்போல மூன்று மடங்குக்குக் குறையாது. போன் திரையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆகவே அமைப்புகளுக்குப் போய், மொபைல் டேட்டாவில் பார்க்கும்போது டேட்டா சேவர் என்று போட்டுவிடுங்கள். தானாக அடுத்தது ஓடுகிற ஓட்டோ பிளேயையும் நிறுத்துங்கள். தூங்கிப்போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கிற வீடியோவால் பேக்கேஜ் முடிந்து, காலையில் என்னிடம் வந்து “நேற்றுத்தானே போட்டேன்” என்று சண்டை பிடிக்கிறவர்கள் பலர்.

சில பேக்கேஜ்களில் இரவுக்கென்று தனி டேட்டா கொடுக்கிறார்கள். அது எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ரீலோட் போடுங்கள். நீளமான வீடியோவை அந்த நேரத்தில் செயலிக்குள்ளேயே டவுன்லோட் செய்துவைத்தால், சிக்னல் இல்லாத, கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் இருந்தும் பார்க்கலாம்.

நல்ல வீடியோ தானாக வராது

போனில் வருகிற பரிந்துரை எல்லாம் நாம் முன்பு பார்த்ததை வைத்து வருவது. ஒரு வீட்டில் ஒரே போன் என்றால் பேரன் பார்த்த பொம்மை வீடியோவுக்கும் அப்பா பார்த்த சண்டை வீடியோவுக்கும் நடுவில் உங்களுக்குப் பிடித்தது காணாமல் போய்விடும். வேண்டாத வீடியோவின் பக்கத்தில் இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டு ‘ஆர்வமில்லை’ என்று கொடுங்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து கத்தினால் அந்தச் சேனலையே பரிந்துரைக்க வேண்டாம் என்று கொடுக்கலாம். சும்மா ஒருநாள் வேடிக்கைக்குப் பார்த்ததைப் பார்வை வரலாற்றிலிருந்து அழித்துவிடுங்கள். கொஞ்ச நாள் இப்படிச் செய்தால் முகப்புப் பக்கம் மாறுவது கண்ணுக்கே தெரியும்.

தேடும்போது வடிகட்டியைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. 20 நிமிடத்துக்கு மேல் என்று நீளத்தைத் தெரிவு செய்தால், தலைப்பில் மட்டும் சரக்கு உள்ள குட்டி வீடியோக்கள் பாதி கழிந்துவிடும்.

என்ன தேடுவது? என் ரசனையைச் சொல்கிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம்.

பேச்சே இல்லாத வீடியோக்கள் எனக்கு முதலாவது. ஆங்கிலமோ ஹிந்தியோ தெரியாத பாட்டிமாருக்கும் இவை பொருந்தும். துருப்பிடித்த கத்தியையோ பழைய தையல் மெஷினையோ கழற்றித் தேய்த்துப் புதிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் ஒருவர் வெறுங்கையோடு காட்டுக்குள் போய் மண்ணையும் மரத்தையும் வைத்தே வீடும் சூளையும் கட்டுகிறார். 2015இல் தொடங்கிய ப்ரிமிட்டிவ் டெக்னாலஜி என்ற சேனல் அது. வாயே திறக்கமாட்டார். விளக்கம் வேண்டுமென்றால் சப்டைட்டில் எழுத்தை மட்டும் போட்டுக்கொள்ளலாம். எங்கள் பெரியம்மாவுக்குச் சீரியலைவிட அது பிடிக்கும். “இவனுக்கு வீட்டில் ஆள் இல்லையா” என்று ஒவ்வொரு முறையும் கேட்டபடி முழுவதையும் பார்த்து முடிப்பார்.

ரயில் ஓட்டுநர் பக்கத்திலிருந்து எடுத்த வீடியோக்கள் இன்னொன்று. கொழும்பு–பதுளைப் பாதை உலகம் முழுக்கப் பேர்போனது. ஆனால் வெளிநாட்டார் எடுப்பது பெரும்பாலும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் போய் நின்றுவிடும். முழுப் பயணத்தையும் வெட்டாமல் போட்டிருப்பதைத் தேடிப் பாருங்கள். தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போவதை அப்போதுதான் விளங்கிக்கொள்ளலாம். எத்தனையோ தடவை அந்த ரயிலில் போன ஆட்களுக்கும் இது தெரியாது, ஏனென்றால் நெரிசலில் ஜன்னல் யாருக்குக் கிடைக்கிறது?

‘காமன் கூத்து’ என்று தமிழில் தட்டித் தேடுங்கள். மாசியில் தோட்டத்துக்குத் தோட்டம் நடக்கிற கூத்தை ஊர்ப் பிள்ளைகளே போனில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். படம் ஆடும், தப்பு மேளச் சத்தத்தில் பாட்டு பாதி கேட்காது. இருந்தாலும் ரதி மன்மதன் வேடம் கட்டியவர் பக்கத்து லயத்து ஆள் என்று தெரிந்து பார்க்கிற சந்தோஷம் வேறு எதிலும் இல்லை.

பழைய காலம் பிடிக்குமென்றால், பிரித்தானியச் செய்திப்பட நிறுவனமான பிரிட்டிஷ் பாத்தே 2014இல் தன்னிடம் இருந்த 85,000 படங்களை யூடியூப்பில் போட்டது. அதில் ‘சிலோன்’ என்று ஆங்கிலத்தில் தேடினால் அந்தக் கால இலங்கை வரும். பேசுகிறவனின் குரல் துரைமார் தொனியிலேயே இருக்கும். சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆட்களின் முகத்தைப் பாருங்கள்.

வீடியோவிலிருந்து சாமானுக்கு

ஒருவர் ஒரு பொருளைப் புகழ்ந்து பேசினால், தொடக்கத்தில் சில வினாடிகள் மூலையில் வருகிற எழுத்தைக் கவனியுங்கள். காசு வாங்கிச் செய்த விளம்பரம் அடங்கியது என்று யூடியூப் காட்டும். அதைக் காட்டாமலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கீழே விளக்கத்தில் இருக்கிற லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் அவருக்குக் கமிஷன் போகும். இதில் தப்பில்லை, ஆனால் அவர் வாயிலிருந்து குறை வராது.

விருப்பமான பொருளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைக் கொடுத்தால் அதே சாமான் வேறு எங்கெல்லாம், என்ன விலையில் இருக்கிறது என்று காட்டும். ஒரே தொழிற்சாலைச் சரக்கு ஐந்தாறு பெயரில் விற்பதை இதில் பிடிக்கலாம். பிறகு விமர்சனங்களைப் படியுங்கள். ஐந்து நட்சத்திரக்காரர்களில் பாதிப்பேர் பெட்டியைப் பிரிக்கும் முன்பே போட்டிருப்பார்கள். ஒற்றை நட்சத்திரக்காரர் கூரியர் மேல் கோபத்தில் இருப்பார். மூன்று நட்சத்திரம் போட்டவர்தான் பொருளைப் பற்றிப் பேசுவார். வாங்கியவர்கள் போட்ட படம் இருந்தால் அதையே நம்புங்கள், விற்பவர் போட்ட படத்தை அல்ல. வெட்டிப் போட்டிருக்கிற பழைய விலையைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். அதை யாரும் எப்படியும் எழுதலாம்.

விலையை ரூபாயில் மட்டும் பார்க்காமல், அது எத்தனை பேருக்கு, அதாவது எத்தனை நாள் கூலிக்கு, சமம் என்றும் பாருங்கள். நான்கு பேர் போட்டு உழைத்த காசை ஒரு செல்ஃபி விளக்குக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். சிலர் கொடுக்கலாம் என்பார்கள். அதுவும் சரிதான், அந்த விளக்கை வைத்து நன்றாக வீடியோ போடுகிற பிள்ளை ஒன்று எங்கள் டிவிஷனில் இருக்கிறது.

சப்பாத்து

என் மேசைக்கு அதிகமாக வருவது சப்பாத்துத்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மேல் டிவிஷன் பையன் ஒருவன் வெள்ளைச் சப்பாத்து எடுத்தான். கச்சிதமான சாமான், எனக்கே பிடித்தது. அழுக்காகிவிடும் என்று பொலித்தீன் பையில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்து, கோயில் திருவிழாவுக்கு மட்டும் போட்டான். மழை மாதங்கள் போய்த் தீபாவளிக்கு எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான். மேல்பக்கம் கடையில் வாங்கியபடியே பளிச்சென்று இருந்தது. அடியை விரலால் அழுத்தினேன், ஈரம் குடித்த பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே மஞ்சள் தூள். குதிகால் கையோடு வந்துவிட்டது. “போடவே இல்லையே அக்கா” என்றான். போடாமல் வைத்ததும் ஒரு காரணம்.

இந்த மாதிரி மெத்தென்ற அடிப்பாகத்தைப் பொலியூரித்தேன் என்ற பொருளில் செய்கிறார்கள். காற்றில் இருக்கிற ஈரம் மெதுவாக அதற்குள் போய் அதைச் சிதைக்கும். பாடப்புத்தகத்தில் நீர்ப்பகுப்பு என்று படித்திருப்பீர்கள், அதுதான். மலையில் ஈரத்துக்குக் குறைவில்லை. பொலித்தீனில் கட்டிவைத்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியும் இல்லை. பொலியூரித்தேன் பூசி ‘பியூ லெதர்’ என்று விற்கிற கைப்பை, ஜெக்கெட் எல்லாம் மேல்தோல் உரிந்து செதில் செதிலாக விழுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே சப்பாத்து எடுக்கும்போது விவரத்தில் அடிப்பாகம் என்ன என்று தேடுங்கள். ரப்பர் அல்லது ஈவிஏ என்று எழுதியிருந்தால் நம் ஈரத்துக்கு அது மேல். எதுவும் எழுதவில்லை என்றால் விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம். அடியில் ஆழமான வெட்டு இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வழுவழுப்பான அடி ஏர்கண்டிஷன் கடைத்தெருவுக்கு நல்லது. நமது படிக்கட்டில் பாசி இருக்கிறது. பார்சல் வந்த பிறகு அடிக்கடி போடுங்கள். நனைந்தால் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, பேப்பர் ஈரமானதும் மாற்றுங்கள். அடுப்படியில் காயவைக்கலாம், ஆனால் நெருப்புக்குக் கிட்டே வைத்தால் பசை விட்டுவிடும். உண்மையான தோல் என்றால் பூஞ்சணம் பிடிக்கும், ஆனால் உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

அளவு விஷயத்தில் 40, 41 என்பதை நம்பாதீர்கள். சாயந்தரம் வேலை முடிந்து வந்ததும் பாதத்தைப் பேப்பரில் வைத்துக் கோடு போட்டு, குதியிலிருந்து பெருவிரல் நுனி வரை சென்ரிமீற்றரில் அளந்து, விற்பவரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சாயந்தரம் ஏனென்றால் நின்று வேலை செய்தபின் கால் கொஞ்சம் பெருத்திருக்கும்.

மற்றச் சாமான்கள்

குளிருக்கு ஜெக்கெட் வேண்டுமென்றால் ஒன்லைனில் எடுக்கவே வேண்டாம் என்பேன். நுவரெலியா பேல் பஜாருக்கு ஒருநாள் போங்கள். போட்டுப் பார்த்து, ஜிப்பை இழுத்துப் பார்த்து, தையலைத் திருப்பிப் பார்த்து, பேரம் பேசி வாங்கலாம். வீடியோவில் பார்த்த மாடலின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு தேடினால் அதே சாயலில் ஏதாவது அகப்படும்.

கைக்கடிகாரத்தின் பின்பக்கம் ‘30 மீற்றர்’ என்று இருந்தால் 30 மீற்றர் ஆழத்தில் நீந்தலாம் என்று பொருளில்லை. கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீரை, சின்னத் தூறலைத் தாங்கும், அவ்வளவுதான். மழையில் மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் 50 மீற்றரோ அதற்கு மேலோ பாருங்கள். ஸ்மார்ட் வாட்ச் விஷயத்தில் இன்னொன்று. ஊசி குத்தாமலே சீனி அளவு காட்டும் என்று ஒரு வாட்ச் வீடியோ அடிக்கடி வருகிறது. நீரிழிவுள்ள அப்பா அம்மாவுக்கு வாங்கித்தர எத்தனையோ பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் இப்படிப்பட்ட வாட்ச், மோதிரம் எதையும் தாங்கள் அங்கீகரிக்கவில்லை, பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. அது காட்டுகிற எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டினாலோ குறைத்தாலோ உயிருக்கே ஆபத்து. கிளினிக்கில் குத்திப் பார்ப்பதை விடவேண்டாம்.

பவர் பேங்க் 10,000 எம்ஏஎச் என்றால் போனுக்குப் போய்ச் சேர்வது 6,000 சொச்சம்தான். உள்ளே இருக்கிற பற்றரி 3.7 வோல்ட், வெளியே கொடுப்பது 5 வோல்ட், நடுவில் கொஞ்சம் சூடாகவும் போய்விடும். நல்ல சாமானின் பின்பக்கத்தில் இந்த இரண்டாவது எண்ணையும் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கையடக்கச் சாமானுக்கு 50,000, 60,000 என்று போட்டிருந்தால் தாண்டிப் போங்கள்.

அறை சூடாக்குகிற ஹீட்டர், கேத்தல், முடி காயவைக்கிற மெஷின் இவற்றை வாங்கும் முன் வோல்ட்டையும் வொட்டையும் பாருங்கள். நமக்கு 230 வோல்ட். அமெரிக்கச் சரக்கு 120 வோல்ட்டாக இருந்தால் செருகிய உடனே புகைதான். 2,000 வொட் ஹீட்டர் ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். லயத்துச் சுவரில் இருக்கிற பழைய 5 அம்பியர் உருண்டைப் பின் செருகியில் அதை மாற்றுச் செருகி வைத்து மாட்டினால் வயர் கொதித்துவிடும். வரிசையாக இருக்கிற வீட்டில் தீ ஒரு காம்பராவோடு, அதாவது ஒரு அறையோடு, நிற்காது. சதுரப் பின் 13 அம்பியர் செருகி சரியாக இழுத்திருந்தால் மட்டும் யோசியுங்கள்.

முகம் வெளுக்கிற கிரீம் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். கொஞ்சம் நீட்டிச் சொன்னால், இதில் சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சேர்மானப் பட்டியலே இல்லாத டப்பாவும், ‘மெர்க்கூரிக்’ அல்லது ‘கலோமல்’ என்ற சொல் உள்ள டப்பாவும் கையில் எடுக்கத் தகாதவை.

ஸ்டைலாக வீட்டில் ஏதாவது மாட்ட வேண்டும், யாருக்காவது பரிசு கொடுக்க வேண்டும் என்றால் தும்பரப் பாய் நெசவைத் தேடுங்கள். கண்டிப் பக்கத்து ஹேனவல கிராமத்தில் ஹண என்ற செடியின் இலையைச் சீவி நார் எடுத்து, சாயம் போட்டு, தறியில் நெய்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, அவர்களின் வீடியோவே இருக்கிறது. இலை முழுக்கப் பச்சையாக இருக்கிறது, சீவச் சீவ வெள்ளை நார் தலைமுடி மாதிரி நீண்டு வருகிறது. அதைப் பார்த்துவிட்டு அதே நாரில் செய்த சுவர்த் தொங்கலையோ கைப்பையையோ வாங்கினால், எதற்குக் காசு கொடுத்தோம் என்று தெரியும். கட்டம், கோடு, பறவை என்று உருவங்கள் வரும். ஈரச் சுவரில் ஒட்டி மாட்டாமல் கொஞ்சம் விலக்கி மாட்டுங்கள்.

ஓடரும் பார்சலும்

விலாசத்தில் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் பார்சல் ஒபீசுக்குப் போய்க் கிடக்கும். பெயர், லய இலக்கம், டிவிஷன், தோட்டம், பக்கத்து டவுன், அதன் பிறகு கோயிலோ பாலமோ கடையோ ஒரு அடையாளம். உங்கள் லயத்தில் சிக்னல் விழாதென்றால் இரண்டாவது நம்பர் கட்டாயம். என் நம்பரைக் கொடுக்கிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள். முன்பின் தெரியாத பெயரில் பார்சல் வந்தால் நான் காசு கட்டமாட்டேன். ஓடர் போடாமலே பெயரைப் போட்டு அனுப்பிக் காசு பறிக்கிற கூட்டம் இருக்கிறது. வீட்டில் யாரும் போடவில்லை என்றால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். ‘உங்கள் பொதி தேங்கிக் கிடக்கிறது, சின்னக் கட்டணம் கட்டுங்கள்’ என்று தபால் திணைக்களத்தின் பெயரில் லிங்க்கோடு வருகிற மெசேஜும் போலி. அதில் கார்ட் நம்பரைப் போட்டுவிடாதீர்கள். ஓடிபி இலக்கத்தை எவருக்கும் சொல்லக் கூடாது, கூரியர் பெடியன் தலையில் அடித்துக் கேட்டாலும்.

முதல் தடவை ஒரு கடையில் வாங்கும்போது கையில் சாமான் வந்தபிறகு காசு என்ற முறையிலேயே வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வருவதென்றால், காட்டுகிற விலையில் சுங்கவரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிரிக்கும்போது இன்னொருவரிடம் போனைக் கொடுத்து வெட்டாமல் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முதலில் விலாச ஒட்டி, பிறகு நாலு பக்கமும், பிறகு பிரிப்பது. பார்சலுக்குள் கல்லோ கந்தலோ இருந்தால் அந்த வீடியோதான் சாட்சி. பெட்டியையும் பில்லையும் திருப்பிக் கொடுக்கிற தவணை முடியும் வரை எறிய வேண்டாம், அடுப்பெரிக்கவும் கொடுக்க வேண்டாம். விற்பவரோடு பேசுவதை அந்தச் செயலிக்குள்ளேயே பேசுங்கள், வெளியே வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்கிறவரிடம் போகாதீர்கள். அவர் கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். பில், ஓடர் இலக்கம், வீடியோ மூன்றும் கையில் இருக்கும்போது அழையுங்கள்.

தீபாவளிக்கு வேண்டியதை, தோட்டத்தில் தருகிற பண்டிகை முற்பணம் கையில் வந்தபிறகு ஓடர் போட்டால் பெரும்பாலும் பண்டிகை முடிந்துதான் வரும். அந்த வாரத்தில் ஹட்டன் டவுனே பார்சலில் மூழ்கிக் கிடக்கும். பிள்ளைகளின் உடுப்பு அளவை இப்போதே எடுத்துவையுங்கள். எடுக்கும்போது ஒரு அங்குலம் கூட்டி எடுங்கள்.